தாத்தாவுக்குத் தாத்தா எந்த ஊர்? காவிரி டெல்டாவில் குடும்ப வரலாறு தேடுவோரின் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய கொள்ளிடக் கரையிலும் பூர்வீகம் உள்ளவர்கள், குடும்பக் கதையைத் தேட ஆரம்பிக்கும்போது கேட்கிற கேள்விகள் இவை. பதில்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடலாம்: டெல்டாவில் ஆளைத் தேடாதீர்கள், ஊரைத் தேடுங்கள். பெயர் மாறும், இனிஷியல் மாறும், மாவட்டம்கூட மாறிவிட்டது. ஊர் பிடிபட்டால் ஆள் பிடிபடுவார்.

எனக்கு ஒன்றுமே தெரியாது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

உங்களிடமிருந்தே. ஒரு நீள நோட்டு வாங்கி, ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், இறந்த ஊர், கூடப் பிறந்தவர்கள். தேதி தெரியாவிட்டால் காலியாகவே இருக்கட்டும். ஊருக்கான இடத்தை மட்டும் காலியாக விட மனம் வரக்கூடாது.

அப்பா வழியில் மட்டும் ஏறிப் போகாதீர்கள். அப்பாவின் அப்பா, அப்பாவின் அம்மா, அம்மாவின் அப்பா, அம்மாவின் அம்மா என்று நான்கு வழிகள் இருக்கின்றன. அப்பாவின் அம்மா பிறந்த வீடு எது என்ற இடத்தில் பலருக்குப் பேனா நின்றுவிடும். முதல் வேலை அங்கேதான் இருக்கிறது.

இணையத்தில் தொடங்க வேண்டாம். எழும்பூர் ஆவணக் காப்பகம் அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும். எண்பத்தைந்து வயது அத்தைப்பாட்டியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

பெரியவர்களிடம் கேட்டால் “எனக்கு என்னப்பா தெரியும்” என்று முடித்துவிடுகிறார்களே?

“கொள்ளுத்தாத்தா பேர் என்ன?” என்று கேட்டால் அப்படித்தான் முடியும். அது பரீட்சைக் கேள்வி. மாமனார் பெயரையும் புருஷன் பெயரையும் வாயால் சொல்லாமலே வாழ்ந்த பெண்களிடம் அதைக் கேட்பது இன்னும் வீண். வேறு வாசல் வழியாகப் போக வேண்டும்.

“நம்ம வீட்டுக்கு யார் செத்தால் தீட்டு?” என்று கேட்டுப் பாருங்கள். பங்காளிகள் அத்தனை பேரும் ஊர் ஊராக வரிசையில் வந்துவிடுவார்கள். “யார் வீட்டில் நாம் பெண் எடுக்கக் கூடாது?” என்பதும் அதே பங்காளிப் பட்டியலை வேறு பக்கத்திலிருந்து தரும். “நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்போ லீவுக்கு எந்த ஊருக்குப் போவீங்க?” என்றால் தாய்மாமன் வீடு கிடைக்கும். “உங்க கல்யாணத்துக்கு யார் யார் என்ன சீர் கொண்டு வந்தாங்க?” என்றால் அன்று மாலை முழுக்க உங்களுடையது.

வயதையும் வருஷத்தையும் நேராகக் கேட்காமல் நடந்த சம்பவத்தோடு முடிச்சுப் போட்டுக் கேளுங்கள். 1924 ஜூலையில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் வந்த பெருவெள்ளம், 1934-இல் மேட்டூர் அணை திறந்தது, 1952 புயல், 1977 நவம்பர் புயல். “புயலப்போ உங்க மூத்த பிள்ளை பிறந்தாச்சா?” என்ற கேள்விக்கு “நான் மாசமா இருந்தேன், அவன் ஓடிட்டிருந்தான்” என்று பதில் வந்தால் இரண்டு பிறந்த வருஷங்கள் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டன.

போனில் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள், சொல்லிவிட்டு. அத்தை ஒன்று சொல்வார், பெரியப்பா வேறொன்று சொல்வார். அங்கேயே பஞ்சாயத்து வைக்காமல் இரண்டையும் எழுதி, யார் சொன்னது என்று பக்கத்தில் குறித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. “பத்திரமெல்லாம் எங்கே இருக்கு பெரியப்பா?” என்று முதல் நாளே கேட்டால், பட்டணத்திலிருந்து பாகம் கேட்க வந்துவிட்டான் என்று தெரு முழுக்கப் பேச்சாகிவிடும். போட்டோ ஆல்பத்தில் ஆரம்பியுங்கள். பத்திரம் மூன்றாவது நான்காவது காபிக்குப் பிறகு தானே வரும்.

ஒரே பெயர் மூன்று தலைமுறையில் வருகிறது. யார் யாரென்றே புரியவில்லை.

மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தின் விளைவு இது. அண்ணன் தம்பி நால்வரும் தங்கள் மூத்த மகனுக்கு அதே தகப்பனார் பெயரை வைத்தால், ஒரே தெருவில் ஒரே பெயரில் நால்வர், ஒரே வயதில். இனிஷியல் ஓரளவு உதவும். பழைய ஆட்களின் இரட்டை இனிஷியலில் முதல் எழுத்து பெரும்பாலும் ஊர், இரண்டாவது தகப்பனார்.

இதன் மறுபக்கம் இன்னும் சுவாரசியம். மாமனார் பெயரை மருமகள் உச்சரிக்கக் கூடாதென்பதால், அந்தப் பெயரை வைத்த பிள்ளையை அவள் “தம்பி” என்றோ “துரை” என்றோ “சின்னவரே” என்றோதான் கூப்பிட்டிருப்பாள். பிறகு ஊரே அப்படிக் கூப்பிட்டது. கடைசியில் அவர் பேரப்பிள்ளைகளுக்கே அவரது பத்திரப் பெயர் தெரியாது. அதனால்தான் வீட்டுப் பெயருக்கும் எழுத்துப் பெயருக்கும் நோட்டில் தனித்தனி இடம் வேண்டும். குழப்பம் தீர, ஆளுக்கொரு எண் கொடுத்துவிடுங்கள். பெயர் எத்தனை முறை திரும்பி வந்தாலும் எண் திரும்பாது.

அம்மா வழி, பாட்டி வழி எங்குமே எழுதப்படவில்லையே. பெண்களை எப்படித் தேடுவது?

எழுதப்பட்டிருக்கிறது, நாம் தேடுகிற இடத்தில் இல்லை.

முதலில் பேச்சு. டெல்டாக் குடும்பங்களில் பெண்களை ஊரைச் சொல்லித்தான் குறிப்பிடுவார்கள்: வலங்கைமான் சித்தி, பேரளத்து அத்தை, திருத்துறைப்பூண்டி பெரியம்மா. அவர்களின் சொந்தப் பெயர் பாதிப்பேருக்குத் தெரியாது. ஆனால் அந்த ஊர் பிறந்த ஊரா, வாழ்க்கைப்பட்ட ஊரா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மருமகளாக வந்தவரைப் பிறந்த ஊரைச் சொல்லியும், மகளாகப் போனவரைப் போன ஊரைச் சொல்லியும் அழைப்பது வழக்கம். அதாவது ஒரே பெண்மணி ஒரு வீட்டில் பேரளத்தாள், இன்னொரு வீட்டில் குடவாசல்காரி.

அடுத்து பரண். சீர்வரிசையாக வந்த பித்தளை அண்டா, தவலை, குத்துவிளக்கு, எவர்சில்வர் குடம் எல்லாவற்றையும் இறக்குங்கள். கழுத்துப் பக்கத்திலோ அடிப்பாகத்திலோ சிறு உளியால் புள்ளிபுள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும்: இனிஷியல், மணப்பெண்ணின் பெயர், சில சமயம் ஊர், தேதி. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து எழுத்து மழுங்கியிருந்தால், காய்ந்த அரிசிமாவை அந்த இடத்தில் தடவி மேலாகத் துடைத்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். குழிகளில் மாவு நிற்க, எழுத்து வெள்ளையாகத் தெரியும். உடனே படம் எடுத்துவிடுங்கள். கொள்ளுப்பாட்டியின் பெயர் வேறெங்கும் இல்லாமல் ஒரு தவலையில் மட்டும் இருக்கும் குடும்பங்கள் உண்டு. பழைய பித்தளையை எடைக்குப் போடுமுன் ஒரு சுற்றுப் பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாவது பத்திரம். பெண்ணுக்கு ஸ்ரீதனமாக நிலம் எழுதிய செட்டில்மெண்ட், அண்ணன் தம்பிகளுக்கு அவள் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் ஆகியவற்றில் “இன்னார் குமாரத்தி, இன்னார் மனைவி” என்று இரண்டு வீட்டையும் ஒரே வரியில் கட்டியிருப்பார்கள்.

அப்புறம் ஒப்பாரி. இறந்தவரின் பிறந்த வீட்டுப் பெருமையையும் ஊரையும் சொல்லி அழுவது அதன் வழக்கம். பாடத் தெரிந்த மூதாட்டி யாராவது இருந்தால், சாவு வீட்டுக்கு வெளியே அதைப் பாடச் சொல்வது அவ்வளவு சுலபமல்ல என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

வீட்டில் வேறென்ன தேட வேண்டும்?

டிரங்குப் பெட்டியை முழுதாகக் கவிழ்க்கலாம். மொய் நோட்டுதான் முதல் பரிசு. “வலங்கைமான் மளிகைக்கடையார் மகன், ரூ. 5” என்று ஒரு வரி இருக்கும். ஊர் இருக்கிறது, தொழில் இருக்கிறது, உறவின் நெருக்கம் தொகையில் இருக்கிறது. தாய்மாமன் மொய் பட்டியலின் தலையில் இருக்கும். இரண்டு கல்யாணத்து நோட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், எந்த ஊர் உறவு எப்போது விட்டுப்போனது என்பதுகூடத் தெரியும்.

பிறகு கல்யாணப் பத்திரிகைகள், கருமாதிப் பத்திரிகைகள், ஜாதகக் கட்டு (பிறந்த வருஷமும் நட்சத்திரமும் மட்டுமல்ல, சிலவற்றில் பெற்றோர், பாட்டனார் பெயரும்), கிஸ்தி (நிலவரி) ரசீது, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பழைய ரேஷன் கார்டு, ஸ்டூடியோ முத்திரை குத்திய போட்டோக்களின் பின்பக்கம். பள்ளிச் சான்றிதழின் பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். சேர்க்கும் நாளில் ஐந்து வயது நிறைய வேண்டுமென்று வாத்தியார் போட்ட கணக்கு அது. ஒரு தலைமுறையே மே, ஜூனில் பிறந்தது இப்படித்தான்.

அமாவாசைக்குத் தர்ப்பணம் செய்யும் வீடாக இருந்தால், எள்ளும் தண்ணீரும் விடும்போது சொல்கிற பெயர்களை எழுதி வாங்குங்கள். தகப்பன், பாட்டன், முப்பாட்டன், அவர்கள் மனைவிமார், தாய்வழியிலும் மூன்று தலைமுறை என்று ஒரே மூச்சில் கிடைக்கும்.

குலதெய்வம் எது என்று தெரியும். அதனால் பயன் உண்டா?

நிறைய. குடும்பம் இப்போது இருக்கும் ஊரும் குலதெய்வம் இருக்கும் ஊரும் வேறுவேறாக இருந்தால், முன்னோர் புறப்பட்ட இடம் அந்தக் கோயில் பக்கம் என்று முதல் ஊகம் செய்யலாம். அய்யனார், வீரன், காளி என்று ஊர்க்கோடியில் இருக்கும் சிறு கோயிலென்றால் ஊகம் வலுவானது. வைத்தீஸ்வரன்கோயில், சுவாமிமலை மாதிரிப் பெரிய கோயிலென்றால் பலவீனம். பழைய சாமி மறந்துபோய்ப் பெரிய சாமியைப் பிடித்துக்கொண்டவர்கள் பலர்.

கோயிலுக்குப் போகும்போது பூசாரியிடமும் நாட்டாமையிடமும் தலைக்கட்டு வரி நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். திருவிழாவுக்கும் கும்பாபிஷேகத்துக்கும் பங்காளி வீடுகளில் வரி வசூலித்த கணக்கு அது. வெளியூர் போன வீடுகளின் முகவரியும் அதில் இருக்கும். ஆடியிலோ பங்குனியிலோ எல்லோரும் கூடும் நாளில் போனால் நோட்டே தேவையில்லை, ஆட்களே நேரில் இருப்பார்கள்.

ஊர்ப் பெயர் தெரிகிறது. ஆனால் ஆவணத்தில் எந்த மாவட்டத்தில் தேடுவது?

இங்கே நிறையப் பேர் வழி தவறுகிறார்கள். இன்றைய வரைபடத்தை மூடிவிடுங்கள். 1991 வரை நாகப்பட்டினமும் திருவாரூரும் மயிலாடுதுறையும் ஒரே தஞ்சாவூர் ஜில்லா. 1991-இல் நாகை பிரிந்தது, 1997-இல் திருவாரூர், 2020 டிசம்பரில் மயிலாடுதுறை. அதற்கு முன் 1974-இல் அறந்தாங்கிப் பக்கம் புதுக்கோட்டைக்குப் போயிருந்தது. கொள்ளிடத்துக்கு வடக்கே சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதி தென்னாற்காடு ஜில்லா. காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. அதன் கதையே தனி.

ஆங்கிலேயர் காலப் பட்டியல்களில் ஊர்ப்பெயர் உருக்குலைந்து கிடக்கும். சீர்காழி ‘ஷியாளி’, நாகப்பட்டினம் ‘நெகபட்டாம்’, தரங்கம்பாடி ‘டிராங்குபார்’. மாயவரம் 1982-இல்தான் மயிலாடுதுறை ஆனது, எனவே பாட்டி சொல்லும் மாயவரமும் பழைய பத்திரத்து மாயவரமும் அதுவே.

இன்னொன்று: நீங்கள் ஊர் என்று சொல்வது குக்கிராமமாக இருக்கலாம். வருவாய்த் துறைக்கு அது வேறு பெயருள்ள வருவாய்க் கிராமத்தின் ஒரு பகுதி. ஆவணம் முழுக்க அந்தப் பெயரில்தான் இருக்கும். கிஸ்தி ரசீதிலோ பட்டாவிலோ ‘கிராமம்’ என்ற இடத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள், அல்லது வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள். நல்லூர், மங்கலம், குடி என்று முடியும் ஊர்கள் ஒரே பெயரில் பல உண்டு. தாலுகா பெயரில்லாமல் ஊர்ப்பெயரை மட்டும் எழுதி வைக்காதீர்கள்.

பட்டா, சிட்டா, பத்திரம் எல்லாம் சொல்கிறார்கள். எதை முதலில் எடுப்பது?

பத்திரத்தை. பட்டா இன்று யார் பெயரில் இருக்கிறது என்று சொல்லும். பத்திரம் எப்படி வந்தது என்று சொல்லும்.

பத்திரங்களிலும் கிரயப் பத்திரத்தைவிடப் பாகப்பிரிவினைப் பத்திரம் பல மடங்கு மேல். தகப்பனார், அவருடைய பிள்ளைகள், இறந்துபோன பிள்ளைக்காக அவர் மைனர் மக்கள், அவர்களுக்குக் கார்டியனாகத் தாயார் என்று வம்சாவளி முழுவதும் முன்னுரையிலேயே வந்துவிடும். சொத்து விவரத்தில் செக்குபந்தி எழுதிய இடத்தையும் விடாதீர்கள். “வடிகால் வாய்க்காலுக்குத் தெற்கு, இன்னார் நிலத்துக்கு மேற்கு” என்று நான்கு எல்லையும் சொல்லியிருக்கும். பக்கத்து நிலத்துக்காரர் பெரும்பாலும் பங்காளிதான், ஒரு காலத்தில் ஒன்றாக இருந்த நிலம் துண்டானதால் பக்கத்தில் வந்தவர். அந்தப் பெயரை நோட்டில் ஏற்றுங்கள்.

கையில் பத்திரம் இல்லையென்றால், சர்வே எண்ணை வைத்துப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975-க்குப் பிந்தைய விவரம் அங்கே வரும். அதற்கு முந்தையது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டுக் கையால் தேடச் சொல்ல வேண்டும். 1908 பதிவுச் சட்டப்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் நகலெடுக்கப்பட்டிருக்கும் முதல் புத்தகத்தைக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். உயில் இருக்கும் மூன்றாம் புத்தகம் அப்படியல்ல. எழுதியவர் இறந்த பிறகே மற்றவர் நகல் கேட்க முடியும். நம் தேடலில் அவர் எப்போதோ இறந்தவர் என்பதால் இறப்புச் சான்றைக் கையோடு கொண்டு போங்கள்.

பட்டா பக்கம் வந்தால், இன்றைய சிட்டாவிலிருந்து கிராமத்து நிலங்களின் ‘ஏ’ பதிவேட்டுக்கும், அதிலிருந்து பழைய நிலவரி செட்டில்மெண்ட் பதிவேட்டுக்கும் பின்னோக்கிப் போக வேண்டும். நடுவில் யு.டி.ஆர். (நிலவுடைமைப் பதிவேடுகள் மேம்பாட்டுத் திட்டம்) என்ற கண்டம் இருக்கிறது. 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த அந்த வேலையில் சர்வே எண்ணும் உட்பிரிவும் மாறின, பெயர்களும் ஏகத்துக்குத் தவறாக ஏறின. உங்கள் தாத்தா பெயர் அதில் விசித்திரமாக இருந்தால் வேறு ஆளென்று முடிவுகட்டிவிடாதீர்கள். கூட்டுப் பட்டாவில் வரிசையாக இருக்கும் பெயர்கள் பெரும்பாலும் பங்காளிகளே.

பழைய கணக்குகள் கர்ணம் (கிராமக் கணக்குப்பிள்ளை) வீட்டில் இருந்த காலம் ஒன்று உண்டு. பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகள் 1980-இல் ஒழிந்தபோது கணக்குகள் அரசிடம் போயின. கர்ணத்தின் பேரப்பிள்ளைகள் அதே ஊரில் இருந்தால், போய்ப் பேசிப் பாருங்கள். கணக்கு இல்லாவிட்டாலும் தாத்தா சொன்ன கதை இருக்கும்.

எங்கள் குடும்பத்துக்கு நிலமே கிடையாது. எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

நிலம் வைத்திருந்தவர்களின் வரலாறுதான் கட்டுக்கட்டாக இருக்கிறது, அதை மறைத்துப் பயனில்லை. நட்டவர், அறுத்தவர் பெயர்கள் மிராசுதாரின் சொந்தக் கணக்கு நோட்டில் இருந்தால்தான் உண்டு. ஆனாலும் சில இடங்கள் இருக்கின்றன.

குத்தகைக்கு உழுத குடும்பமென்றால், 1969-ஆம் வருஷக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி தயாரான பதிவேட்டில் பெயர் இருக்கலாம். தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். தருமபுரம், திருவாவடுதுறை, திருப்பனந்தாள் மடங்களின் நிலத்தையோ கோயில் நிலத்தையோ உழுதவர்களுக்கு அந்தந்த மடத்து, கோயில் கணக்குகளில் குத்தகைதாரர் பெயரும் பாக்கியும் இருக்கும். பாக்கி இருந்தால் நமக்கு நல்லது, திரும்பத் திரும்ப எழுதியிருப்பார்கள்.

பண்ணையாளாக இருந்து குடியிருந்த மனைக்கு 1971 குடியிருப்புச் சட்டத்தில் உரிமை பெற்றவர்கள் ஏராளம். அந்த மனைப் பட்டாதான் அக்குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் எழுத்து ஆவணம். அதில் இருக்கும் பெயரிலிருந்து வாய்மொழியாகப் பின்னோக்கிப் போகலாம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் பட்டியல், விவசாயத் தொழிலாளர் சங்கத்து வழக்குக் கட்டுகள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழத்தஞ்சையில் கூலிப் போராட்டங்களில் கைதானவர்களின் பெயர்கள் போலீஸ், கோர்ட்டுக் காகிதங்களில் தகப்பனார் பெயரோடு ஏறியிருக்கின்றன. வாக்காளர் பட்டியல் எல்லோருக்கும் பொது: 2002, 2005 பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கின்றன, வீட்டு எண், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது எல்லாம் அதில் உண்டு.

பழைய பத்திரத்தைப் படிக்கவே முடியவில்லை. தேதி எங்கே இருக்கிறது?

முதல் வரியிலேயே இருக்கும், ஆனால் ‘௲௯௱௨௰௪ ௵’ என்று இருக்கும். ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. ஆயிரம், ஒன்பது நூறு, இரண்டு பத்து, நான்கு: 1924. ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. ௸ என்று வந்தால் ‘மேற்படி’, ௹ ரூபாய். இந்த எட்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

சிலவற்றில் ஆங்கில வருஷமே இருக்காது, “ரக்தாட்சி வருஷம் ஆடி மாதம்” என்று மட்டும் இருக்கும். அறுபது வருஷச் சுற்று என்பதால் ரக்தாட்சி 1864-இலும் வந்தது, 1924-இலும் 1984-இலும் வந்தது. முத்திரைத் தாளில் விக்டோரியா ராணி தலை இருக்கிறதா, ஜார்ஜ் மன்னர் தலையா, அசோகச் சக்கரமா என்று பார்த்தால் எந்தச் சுற்று என்று தெரிந்துவிடும். வருவாய்த் துறைக் காகிதத்தில் பசலி என்ற வருவாய் ஆண்டு இருக்கும். அதோடு 590 கூட்டுங்கள். பசலி 1334 என்றால் 1924 ஜூலை முதல் 1925 ஜூன் வரை.

நில அளவு வேலி, மா, குழி என்று வரும். டெல்டாவில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். “அஞ்சு வேலிப் பண்ணை” என்று வீட்டில் பெருமை பேசினால், முப்பத்துமூன்று ஏக்கர் பத்திரத்தில் தேறுகிறதா என்று நீங்களே சரிபார்க்கலாம். பெரும்பாலும் தேறாது.

பிறப்பு, இறப்புப் பதிவு? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு?

1969 சட்டத்துக்கு முன்பும் கிராம முன்சீப் பிறப்பு இறப்பு எழுதினார், ஆனால் எல்லாம் ஏறவில்லை, குழந்தைக்குப் பெயர் வைக்குமுன் எழுதியதால் “ஆண் குழந்தை” என்றே நிற்கும். தகப்பனார் பெயரையும் ஊரையும் வைத்துத் தாலுகா அலுவலகத்தில் தேட வேண்டும். கணக்கெடுப்பில் வீட்டுவாரிப் பெயர்கள் நம் நாட்டில் வெளியிடப்படுவதில்லை. அதை விட்டுவிடுங்கள்.

நாடி ஜோதிடத்தில் முன்னோர் பெயர் வருமாமே?

வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போனால் சாமி கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். நாங்கள் முஸ்லிம்கள். எங்களுக்கு வேறு வழி உண்டா?

கிறிஸ்தவர்களுக்கு வழி சுலபம் என்றே சொல்லலாம். பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர், ஞானப்பெற்றோர், ஊர் எல்லாம் உண்டு. பழைய கத்தோலிக்கப் பதிவேடுகள் லத்தீனில் இருக்கும், பயப்பட வேண்டாம், திரும்பத் திரும்ப வருவது பத்துப் பதினைந்து சொற்கள்தான். எந்த மறைமாவட்டத்தில் இருந்தது என்று மட்டும் பாருங்கள்: கும்பகோணம் 1899-இல் உருவானது, தஞ்சாவூர் 1952-இல். லுத்தரன் குடும்பங்களுக்குத் தரங்கம்பாடியே தலைவாசல். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அங்கே வந்திறங்கியது 1706-இல். மிஷனரிகள் எழுதியனுப்பிய காகிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் பிராங்கே நிறுவனத்தில் இருக்கின்றன.

நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு முக்கியம். மணமக்களின் தகப்பனார், வலி (பெண்ணின் பொறுப்பாளர்), சாட்சிகள் பெயரோடு மஹரும் (மணமகன் தரும் மணக்கொடை) இருக்கும். பழைய ஏடுகளும் கடிதங்களும் அரபுத்தமிழில் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) இருந்தால், படிக்கத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கொள்ளுத்தாத்தா கப்பலேறிப் போனவர். நாங்கள் வெளிநாட்டில் இருக்கிறோம். ‘தஞ்சாவூர்’ என்பது மட்டும் தெரியும்.

அந்தத் தஞ்சாவூர் பெரும்பாலும் ஜில்லாவின் பெயர், ஊரின் பெயரல்ல. எனவே முதல் வேலை உங்கள் நாட்டிலேயே இருக்கிறது: ஊர்ப்பெயர் எந்தக் காகிதத்தில் ஏறியது என்று பார்ப்பது.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை போன ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் வரை உண்டு. ஃபிஜிக்கு 1903-க்குப் பிறகு சென்னையிலிருந்து போனவர்களுக்கும் இது போன்ற சீட்டுகள் இருக்கின்றன. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். எனவே ஊர்ப்பெயரை உரக்கப் படித்துப் பாருங்கள், தஞ்சாவூர்க்காரர் ஒருவர் காதில் விழும்படி. ரியூனியன், குவாதலூப், மார்த்தினிக் குடும்பங்களுக்குக் காரைக்கால், புதுச்சேரித் துறைமுகங்கள். காரைக்கால் பிரெஞ்சுக் குடிமைப் பதிவேடுகள் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்துக் கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம்.

மலாயா, சிங்கப்பூர் என்றால் நாகப்பட்டினம் துறைமுகம். ரஜூலா கப்பலின் பெயரைக் கேட்டதுமே பேச ஆரம்பிக்கும் கிழவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணி (தொழிலாளர் மேஸ்திரி) ஆள் சேர்த்தது தன் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும்தான். எனவே உங்கள் தாத்தாவின் ஊர் தெரியாவிட்டால், அதே தோட்டத்தில் அவரோடு இருந்த மற்றக் குடும்பங்களின் ஊரைக் கேளுங்கள். பினாங்கிலிருந்து வந்த பழைய மணியார்டர் துண்டு, கடித உறை எதையாவது இங்கே இருக்கும் பங்காளி வீட்டில் வைத்திருப்பார்கள். அதில் இங்குள்ள முகவரி இருக்கும்.

எவ்வளவு தூரம் பின்னால் போக முடியும்?

வாய்மொழியில் நான்கு, ஐந்து தலைமுறை. பத்திரம் இருந்தால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை. அர்ச்சகர், கர்ணம், நாதஸ்வரக்காரர், ஊர்த் தொழிலாளி என்று இனாம் (மானிய) நிலம் அனுபவித்த குடும்பமென்றால் இன்னும் கொஞ்சம். 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடுகளில் முதலில் மானியம் பெற்றவர் யார், அப்போது அனுபவிப்பவர் யார், அவருக்கு வயதென்ன, என்ன உறவு என்று பத்தி பத்தியாக எழுதியிருக்கிறார்கள். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேட்க வேண்டியது அதைத்தான். கிராமப் பெயரும் தாலுகாவும் இல்லாமல் போனால் அங்கே ஒன்றும் நகராது.

1676 முதல் 1855 வரை மராட்டியர் அரண்மனையோடு தொடர்பிருந்த குடும்பங்கள் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில், மராத்தியின் பழைய மோடி எழுத்தில் உள்ள ஆவணங்களைப் பார்க்கலாம். தமிழ்ப் பல்கலைக்கழகம் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது, மற்றவற்றுக்கு மோடி எழுத்துப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

“நாங்கள் ராஜராஜன் காலத்திலிருந்து இங்கேதான்” என்று சொல்பவர்களை மறுக்கவும் முடியாது, நிரூபிக்கவும் முடியாது. பெரிய கோயில் சுவரில் தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில் ஆடல்மகளிர்) நானூறு பேரின் பெயர் இருக்கிறது. ஒவ்வொருவரும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதுவரை வெட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களிடமிருந்து இன்றைய எந்தக் குடும்பத்துக்கும் கயிறு கட்ட நடுவில் எழுத்து இல்லை.

வம்சாவளி வரையும்போது கோடுகள் சிக்கிக்கொள்கின்றன.

சிக்கத்தான் செய்யும். அக்கா மகளைக் கட்டியவர் ஒரே நேரத்தில் மாமனும் மாப்பிள்ளையும். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் மூன்று தலைமுறை தொடர்ந்தால் மரம் மரமாக இருக்காது, வேலியோரக் காட்டாமணக்கு மாதிரி பின்னிக்கொள்ளும். தாளில் வரைவதை நிறுத்திவிட்டு கிராம்ப்ஸ் போன்ற இலவச மென்பொருளில் ஏற்றுங்கள். ஒரே ஆளை இரண்டு முறை சேர்க்காமல், அவரது எண்ணுக்கே இரண்டாவது உறவைக் கட்டுங்கள். தமிழிலேயே தட்டச்சு செய்யலாம்.

டி.என்.ஏ. சோதனை இங்கேயே இருப்பவர்களுக்கு அவ்வளவு பயன்படாது. சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டதால் தூரத்து உறவும் நெருங்கியதாகக் காட்டும். வெளிநாட்டுக் கிளைகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க உதவலாம்.

சங்கடமான விஷயங்கள் கிடைத்தால் என்ன செய்வது?

கிடைக்கும். இரண்டாம் தாரம், எடுத்து வளர்த்த பிள்ளை, கோர்ட்டு வரை போன பாகம், பெயர் சொல்லாமல் விட்ட மகள். பழைய பத்திரங்களில் சாதி பட்டவர்த்தனமாக இருக்கும், சில வீடுகளில் பண்ணையாட்களை எப்படி நடத்தினார்கள் என்பதும் இருக்கும். நோட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வாட்ஸாப் குழுவில் போடுவது வேறு விஷயம். சம்பந்தப்பட்டவரின் பிள்ளைகள் உயிரோடிருந்தால் முதலில் அவர்களிடம் தனியாகச் சொல்லுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி, பத்திரப் படங்கள், சர்வே எண் எதையும் பொதுவில் ஏற்ற வேண்டாம்.

இரவல் வாங்கிய நோட்டுகளையும் போட்டோக்களையும் என்ன செய்வது?

வாங்கிய இடத்திலேயே, ஜன்னலோர வெளிச்சத்தில், போன் கேமராவில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அங்கேயே கொடுத்துவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவர நேர்ந்தால் சொன்ன நாளில் திருப்பிவிடுங்கள். படங்களின் பிரதி ஒன்றை அவர்களுக்கும் அனுப்புங்கள். மொய் நோட்டு பத்திரமாகத் திரும்பி வந்த வீட்டில்தான் அடுத்த தடவை பாகப்பிரிவினைப் பத்திரம் வெளியே வரும்.